எல்லாவற்றுக்கும் ஒரே மகிழ்ச்சியா?

ஆங்கிலத்தில் ‘ஃபன்’ என்று ஒரு வார்த்தை இருக்கிறது. ‘ஃபன்னி’ என்று இன்னொரு வார்த்தையும் இருக்கிறது. தமிழில் எழுதிப் பார்த்தால் இரண்டுக்கும் நடுவே உள்ள வித்தியாசம் ‘னி’ என்கிற ஒற்றை எழுத்துத்தான். அந்த ஒற்றை எழுத்தின் கீழ் ஒரு பிள்ளையின் உத்தியோகம் நசுங்கிப் போகும் என்று நான் சொன்னால், ‘கதை எழுதுகிறவர், கொஞ்சம் கூட்டித்தான் சொல்லுவார்’ என்று வாசகர்கள் நினைக்கலாம். விஷயத்தைச் சொல்லுகிறேன். கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்லுங்கள்.

குறைந்த நாட்களில் ஆங்கிலம் கற்றுத் தருவதாக வாக்குக் கொடுக்கும் புத்தகங்கள் நம் கடைகளில் அடுக்கடுக்காகக் கிடைக்கின்றன. பெயர் சொல்லப் போவதில்லை. ஒன்றின் பெயரைச் சொன்னால் மற்றவை எல்லாம் தப்பித்துக்கொள்ளும். அந்தப் புத்தகங்களில் ஒன்றை நான் விலை கொடுத்து வாங்கிப் படித்தேன். ஃபன் – மகிழ்ச்சியான. ஃபன்னி – மகிழ்ச்சியான. என்ஜாயபிள் – மகிழ்ச்சியான. ப்ளெஸன்ட் – மகிழ்ச்சியான. அம்யூஸிங் – மகிழ்ச்சியான. என்டர்டெய்னிங் என்ற இடத்துக்கு வந்தபோது ஆசிரியருக்கே சலிப்புத் தட்டியிருக்க வேண்டும்; ‘மகிழ்ச்சி தருகிற’ என்று கொஞ்சம் மாற்றிப் போட்டிருந்தார். ஆறு வார்த்தைக்கு ஒரே அர்த்தம்! ஒரு பாஷைக்காரன் ஒரே சாமானுக்கு ஆறு பெயர் வைத்துக்கொண்டு முந்நூறு வருஷம் காலம் தள்ளுவானா என்கிற சந்தேகம் அந்த ஆசிரியருக்கு வரவில்லை. காசு கொடுத்து வாங்குகிற பிள்ளைக்கும் வரக்கூடாது என்பதுதான் அந்தப் புத்தகத்தின் ஏற்பாடு போலும்.

இந்த ஏற்பாட்டின் பலனை நான் கும்மிடிப்பூண்டிக்குப் போகிற மின்சார ரயிலில் பார்த்தேன். அந்த ரயிலைப் பற்றிப் பட்டணத்து வாசகர்களுக்கு இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். மீஞ்சூர், பொன்னேரி, கவரைப்பேட்டை என்று வடக்கே போய்க் கும்மிடிப்பூண்டியைச் சேருகிற பாதை அது. அதற்கும் வடக்கே எளாவூர், ஆரம்பாக்கம், தாண்டினால் ஆந்திரம். 1971-ல் ஏற்பட்ட சிப்காட் நிறுவனம் இந்தப் பக்கத்தில் ஒரு தொழிற்பேட்டை அமைத்தது. உருக்காலை, ரசாயனம், உதிரிபாகம் என்று என்னென்னவோ தொழில்கள் வந்தன. காலையில் ரயில் நிறைய ஷிப்டுக்குப் போகிறவர்கள். தமிழ், தெலுங்கு, இந்தி, ஒடியா என்று நாலு பாஷை ஒரு பெட்டியில் கேட்கும். இந்த நாலு பாஷைக்காரர்களுக்கும் மேலே உட்கார்ந்துகொண்டு வேலை கொடுக்கிறவர் பேசுகிற பாஷை ஆங்கிலம். ஆகையால் இங்கே ஆங்கிலம் அலங்காரம் அல்ல, சோற்றுக்கு வழி.

பொன்னேரியில் ஏறி என் எதிரில் உட்கார்ந்த ஓர் இளைஞர், பாலிடெக்னிக் படித்தவர், ஏதோ ஒரு கம்பெனியில் இன்டர்வியூவுக்குப் போய் வந்த கதையைச் சொன்னார்.

“பழைய கம்பெனியில வேலை எப்படி இருந்துதுன்னு கேட்டாங்க சார். ‘வெரி ஃபன்னி’ன்னு சொன்னேன். மூணு பேரும் சிரிச்சாங்க. நல்லாத்தான் சொல்லிட்டோம்னு நெனச்சி நானும் சிரிச்சேன்.”

“அப்புறம்?”

“சொல்லி அனுப்பறோம்னாங்க. ரெண்டு மாசம் ஆவுது சார்.”

“அந்த வேலை உங்களுக்குப் பிடிச்சிருந்ததா தம்பி?”

“ரொம்ப சார். மிஷின்லேர்ந்து ஜாப் எறக்கி, மைக்ரோமீட்டர் வெச்சி அளவு பாக்கறப்ப கரெக்டா இருந்தா... ஒரு மாதிரி இருக்கும் சார்.”

‘ஒரு மாதிரி இருக்கும்’ என்று அவர் சொன்னதைத்தான் நான் இங்கே விவகாரமாக எடுத்துக்கொள்ளுகிறேன். ஒரு மனிதன் தன் கையால் ஓர் இரும்புத் துண்டைக் கடைந்து, அது தலைமயிர் அளவும் பிசகாமல் வந்திருப்பதைப் பார்க்கிறான். அவனுக்குள் ஏதோ நிகழுகிறது. அதன் பெயர் திருப்தி. அதைச் சொல்ல ஆங்கிலத்திலும் ‘ஸாடிஸ்ஃபையிங்’ என்று சரியான வார்த்தை இருக்கிறது. மூன்று பேர் முன்னால் அந்த வார்த்தையை மட்டும் அவர் சொல்லியிருந்தால், வேலையைக் காதலிக்கிற ஒருவன் வந்திருக்கிறான் என்று அவர்கள் தெரிந்துகொண்டிருப்பார்கள். ‘வேலை சிரிப்பாய்ச் சிரித்தது’ என்று அவர்கள் காதில் விழுந்தது. தமிழில் அந்தப் பிரயோகத்துக்கு என்ன அர்த்தம் என்று நான் சொல்லத் தேவையில்லை.

இப்போது எல்லாரும் ஒரு குரலாய்ச் சொல்வார்கள்: ‘தமிழ் மீடியத்தில் படித்தவர்களுக்கு ஆங்கிலம் போதாது.’ இந்த வைத்தியத்தை நான் அடியோடு மறுக்கிறேன். அவருக்குப் போதாமல் போனது ஆங்கிலம் அல்ல, தமிழ். அவருக்குத் தெரிந்த தமிழைக்கூட அவரிடமிருந்து பிடுங்கிக்கொண்டு, ‘மகிழ்ச்சியான’ என்கிற ஒரே ஒரு செல்லாக் காசைக் கையில் கொடுத்து ஆங்கிலச் சந்தைக்கு அனுப்பியிருக்கிறார்கள். அந்த ஆறு வார்த்தைகளையும் ஒவ்வொன்றாக எடுத்து, திருவள்ளூர்த் தெருவில் புழங்குகிற தமிழை அதற்குப் பக்கத்தில் வைத்துக் காட்டுகிறேன்.

முதலில் ‘ஃபன்’. ‘ஃபார் ஃபன்’ என்று வெள்ளைக்காரன் சொல்லும் இடத்தில் நம் வீட்டுப் பையன் என்ன சொல்லுகிறான்? ‘விளையாட்டுக்குச் சொன்னேன்’ என்கிறான். ‘ஃபன்’ என்றால் விளையாட்டு, அவ்வளவுதான். தானும் இறங்கி ஆடினால்தான் அது கிடைக்கும். பழவேற்காட்டு ஏரிப் பக்கம் பத்துப் பிள்ளைகள் சேர்ந்து போய்க் கூத்தடித்துவிட்டு வந்தால் அது ‘ஃபன்’. தூரத்தில் குடை பிடித்துக்கொண்டு அதைப் பார்த்தவருக்கு அது ‘ஃபன்’ ஆகாது.

அடுத்தது ‘ஃபன்னி’. இதற்குத் தமிழ் ‘வேடிக்கை’. இந்த இடத்தில் வாசகர்கள் கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டும். ‘ஃபன்னி’ என்பதற்கு இரண்டு முகம் உண்டு: ஒன்று, சிரிப்பு மூட்டுவது, மற்றொன்று, விசித்திரமானது, எங்கேயோ உதைக்கிறது என்று எண்ண வைப்பது. நம்முடைய வேடிக்கைக்கும் அச்சாக அதே இரண்டு முகம்! ‘வேடிக்கையான மனிதர்’ என்றால் சிரிக்கச் சிரிக்கப் பேசுகிறவர். ‘இது என்ன, வேடிக்கையாக இருக்கிறதே!’ என்று புருவத்தைத் தூக்கினால், அங்கே சிரிப்பு இல்லை; சந்தேகம் இருக்கிறது. இவ்வளவு பொருத்தமான ஜோடியை இரண்டு பாஷைகள் தாமாகவே உண்டாக்கி வைத்திருக்கும்போது, இடையில் தரகர் வந்து ‘மகிழ்ச்சியான’ என்று கலைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

இந்த இரண்டாவது முகம் தொழிற்சாலையில் சாதாரண விஷயம் அல்ல. ‘மிஷினிலிருந்து ஒரு ஃபன்னி நாய்ஸ் வருகிறது’ என்று மேலதிகாரி சொன்னால், ஏதோ கோளாறு, நிறுத்து என்று பொருள். ‘ஃபன்னி ஸ்மெல்’ என்றால், வரக்கூடாத வாடை வருகிறது, என்னவென்று பார் என்று பொருள். ‘மகிழ்ச்சியான வாடை’ என்று மனப்பாடம் செய்த பிள்ளை அங்கே பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பான். வாடை விளையாட்டு அல்ல என்பது எங்கள் வடக்குப் பக்கத்துக்கு நன்றாகத் தெரியும். 2023 டிசம்பர் 26-ம் தேதி இரவு எண்ணூர்ப் பெரியகுப்பத்தில் கடலுக்கடியில் போகும் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, ஜனங்கள் மூச்சுத் திணறி வீட்டை விட்டு ஓடினார்கள். பலர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். ரசாயனம் புழங்குகிற ஊரில் ஒரு வார்த்தையின் அர்த்தத்தை அரைகுறையாகச் சொல்லிக் கொடுக்கிறவன், பாதி மூடிய வால்வை விட்டுவிட்டுப் போகிறவனுக்குச் சமானம்.

‘என்ஜாயபிள்’ என்றால் ரசித்து அனுபவிக்கத் தக்கது. நல்ல சாப்பாடு, நல்ல புத்தகம், பூண்டி நீர்த்தேக்கத்தின் கரைமேல் சாயங்கால நடை. சத்தம் போட வேண்டியதில்லை, சிரிக்க வேண்டியதில்லை. ‘ப்ளெஸன்ட்’ என்பதற்கு ‘இதமான’ என்கிற வார்த்தை தயாராக இருக்கிறது. தை மாதத்துக் காற்று இதமானது. கோபத்திலும் குரலை உயர்த்தாத மாமியார் இதமானவர், அபூர்வமானவருங்கூட. ‘அம்யூஸிங்’ என்பது உதட்டோரத்துப் புன்சிரிப்பு. அதில் ஒரு நூல் அளவு மேட்டிமையும் உண்டு. குழந்தை அப்பாவின் செருப்பைப் போட்டுக்கொண்டு நடந்தால் பெரியவர்களுக்கு அது ‘அம்யூஸிங்’. அப்பா குழந்தையின் செருப்பைப் போட்டுக்கொண்டு நடந்தால் அது ‘ஃபன்னி’.

‘என்டர்டெய்னிங்’ என்பதற்குத் தமிழ் தெரியாது என்று எந்தத் தமிழனும் சொல்ல முடியாது. அதற்கு அவன் வரி கட்டியிருக்கிறான். சென்னை மாகாணத்தில் 1939-ல் வந்த சட்டத்தின் பெயரால் தலைமுறை தலைமுறையாக சினிமா டிக்கெட்டோடு சேர்த்து வசூலித்தது ‘கேளிக்கை வரி’. 2017-ல் ஜி.எஸ்.டி.யோடு இந்தக் கேளிக்கை வரியும் சேர்ந்து அழுத்துகிறது என்று தமிழ்நாட்டுத் திரையரங்குகளைச் சில நாள் இழுத்து மூடினார்கள். ‘மகிழ்ச்சி வரி’ என்று சர்க்கார் ஒருபோதும் போடவில்லை. பிறர் ஆடிப் பாடி நம் பொழுதைப் பிடித்து வைத்துக்கொள்வது கேளிக்கை. அதனால் மகிழ்ச்சி வரலாம், வராமலும் போகலாம். வராவிட்டாலும் வரியைத் திருப்பித் தரமாட்டார்கள். வரி போடுகிற குமாஸ்தாவுக்கு இருந்த சொல் சுத்தம் பாடப் புத்தகம் போடுகிறவருக்கு இல்லை.

இனி இலக்கணத்துக்கு வருகிறேன். ‘ஐ ஆம் வெரி இன்ட்ரெஸ்டிங் இன் திஸ் ஜாப்’ என்று இன்டர்வியூவில் சொல்லிவிட்டுப் பேச்சு வாங்கிக்கொண்டவர்கள் உண்டு. ‘எனக்கு இந்த வேலையில் விருப்பம்’ என்று சொல்ல நினைத்து, ‘நான் மிகவும் சுவாரஸ்யமான பேர்வழி’ என்று சொல்லிவிடுகிறார்கள். ‘ப்ளீஸ்டு’, ‘ப்ளீஸிங்’, ‘அம்யூஸ்டு’, ‘அம்யூஸிங்’ எல்லாவற்றிலும் இதே வழுக்கல். ஏன் வழுக்குகிறது? நம்முடைய ‘ஆன’ என்கிற விகுதி இரண்டு வேலையும் செய்யும். ‘மகிழ்ச்சியான மனிதன்’ என்றால் மகிழ்ச்சியை உடையவன். ‘மகிழ்ச்சியான செய்தி’ என்றால் மகிழ்ச்சியைத் தருவது. உடையதும் தருவதும் ஒரே சட்டையில் நிற்கின்றன. ஆனால் இதைப் பிரித்துக் காட்டத் தமிழுக்குத் தெரியாதா? பள்ளிக்கூடத்தில் தன்வினை, பிறவினை என்று நமக்குச் சொல்லிக்கொடுத்தார்களே, அது எதற்கு? மகிழ்ந்தான் என்பது தன்வினை; மகிழ்வித்தான் என்பது பிறவினை. ‘ப்ளீஸ்டு’ என்றால் மகிழ்ந்த. ‘ப்ளீஸிங்’ என்றால் மகிழ்விக்கிற. ‘திருந்தினான், திருத்தினான்’ என்று சொல்லத் தெரிந்த ஒரு குழந்தைக்கு இதைப் புரியவைக்க ஐந்து நிமிஷம் போதும். தமிழ் வாத்தியார் ஓர் அறையில் தன்வினை பிறவினை நடத்துகிறார். ஆங்கில வாத்தியார் பக்கத்து அறையில் ‘ஈ.டி., ஐ.என்.ஜி.’ நடத்துகிறார். நடுவில் இருக்கிற சுவரை இருவரில் ஒருவரும் தட்டிப் பார்ப்பதில்லை.

சிரிப்பு வேறு, சந்தோஷம் வேறு என்கிற சங்கதி தமிழனுக்குப் புதிதும் அல்ல. தொல்காப்பியர் மனித உணர்ச்சி வெளிப்படுகிற வழிகளை எட்டாகப் பிரித்து மெய்ப்பாடு என்று பெயர் வைத்தார். அந்த எட்டில் முதலாவது நகை, கடைசியாவது உவகை. இரண்டையும் அக்கம் பக்கத்தில்கூட வைக்கவில்லை. வரிசையின் இரண்டு கோடியில் நிறுத்தியிருக்கிறார்! கேலி, குழந்தைத்தனம், அறியாமை, மடமை ஆகிய நாலிலிருந்து நகை பிறக்கும் என்றார். செல்வம், அறிவு, காதலர் கூடல், விளையாட்டு ஆகிய நாலிலிருந்து உவகை பிறக்கும் என்றார். ‘ஃபன்னி’ என்பது முதல் வரிசையைச் சேர்ந்தது. ‘ஃபன்’ என்பது இரண்டாவது வரிசையின் கடைசி. ‘மேக் ஃபன் ஆஃப்’ என்று சொன்னால் அது மறுபடி முதல் வரிசையின் தொடக்கத்துக்கு, கேலிக்குப் போய்விடுகிறது. அந்த இளைஞரிடம் மூன்று அதிகாரிகள் செய்ததும் இந்தக் கடைசி வகைதான்.

பழைய இலக்கணம் வேண்டாம், இன்றைய பேச்சைக் காட்டு என்கிறீர்களா? கும்மிடிப்பூண்டியிலேயே காட்டுகிறேன். இலங்கையிலிருந்து யுத்தத்துக்குத் தப்பி வந்த தமிழர்கள் வெகுகாலமாக வசிக்கிற முகாம் ஒன்று அங்கே இருக்கிறது. 2021-ல் இத்தகைய முகாம்களுக்கு மறுவாழ்வு முகாம் என்று அரசாங்கம் பெயரை மாற்றியது. யாழ்ப்பாணப் பேச்சில் ‘பகிடி’ என்றால் சிரிப்பு மூட்டும் பேச்சு. ‘பம்பல்’ என்றால் கூடிக் கலகலப்பாகக் கழிக்கும் பொழுது. பகிடி ‘ஃபன்னி’, பம்பல் ‘ஃபன்’. தெலுங்குக்காரருக்கு ‘வேடுக’ என்றால் கொண்டாட்டம். நம்முடைய ‘வேடிக்கை’க்கு அது நெருங்கிய உறவு, ஆனால் அர்த்தத்தில் தனிக்குடித்தனம். வடக்கேயிருந்து வந்தவருக்குத் ‘தமாஷா’ என்றால் பார்க்கக் கூட்டம் கூடுகிற காட்சி. நமக்குத் ‘தமாஷ்’ என்றால் நகைச்சுவைப் பேச்சு. ஒரே தொழிற்பேட்டையின் டீக்கடையில் இத்தனை நுட்பமும் தினந்தோறும் ஆவி பறக்கிறது. அத்தனையையும் இஸ்திரி போட்டுத் தட்டையாக்கிவிட்டு, ‘ஐயோ, நம் பிள்ளைகளுக்குச் சொல் வளம் இல்லையே!’ என்று மாநாடு கூட்டுகிறார்கள்.

இதற்கு மூன்று திசையிலிருந்து ஆட்சேபம் வரும். மூன்றுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன்.

முதல் ஆட்சேபம், நுனி நாக்கு ஆங்கிலக்காரருடையது. ‘இந்த வித்தியாசம்கூடத் தெரியாதவனுக்கு எப்படி ஐயா வேலை கொடுப்பது?’ என்பார். அவருக்கு ஆங்கிலத்தின் பூர்வோத்தரத்தைச் சொல்ல விரும்புகிறேன். அவர் கொண்டாடுகிற ‘ஃபன்’ ஆதியில் ஏமாற்று, பித்தலாட்டம் என்ற அர்த்தத்தில் புழங்கியது. 1755-ல் அகராதி போட்ட ஸாமுவேல் ஜான்ஸன், அதைக் கீழ்த்தரமான கொச்சை வார்த்தை என்று ஒதுக்கினார். ‘அம்யூஸ்’ என்பதற்கு ஒரு காலத்தில் திகைக்க வைப்பது, கண்ணில் மண்ணைத் தூவுவது என்று அர்த்தம். எல்லாவற்றுக்கும் ‘நைஸ்’, ‘நைஸ்’ என்கிறாரே, அது ‘ஒன்றும் தெரியாதவன்’ என்று பொருள்படும் லத்தீன் வார்த்தையிலிருந்து வந்தது. இன்றைக்கும் ‘ஸோ ஃபன்’ என்று அமெரிக்கப் பிள்ளைகள் சொன்னால் இங்கிலாந்தில் சில கிழவர்கள் முகத்தைச் சுளிக்கிறார்கள். சொந்தக்காரர்களே முந்நூறு வருஷமாகத் தடுமாறி நடந்த பாதையில், இரண்டு மாசம் பயிற்சி எடுத்த ஓர் ஏழைப் பிள்ளை தடுக்கி விழுந்தான் என்று சிரிக்கிறவருடைய ஆங்கிலத்தைப் பற்றி எனக்குச் சந்தேகம் இல்லை. மனுஷத்தன்மையைப் பற்றித்தான் சந்தேகம். பக்கத்தில் மைக்ரோமீட்டரைக் கொடுத்து, ‘அளந்து காட்டப்பா’ என்று சொல்ல அந்த மூன்று பேரில் ஒருவருக்குக்கூடத் தோன்றவில்லையே!

இரண்டாவது ஆட்சேபம், தூய தமிழ் அன்பருடையது. ‘ஆங்கிலச் சொல்லே வேண்டாம். என்ஜாய், ஜாலி, சூப்பர் எல்லாவற்றையும் தூக்கி எறிந்துவிட்டு மகிழ்ச்சி என்று சொன்னால் போதும்’ என்பார். 2016-ல் வந்த ‘கபாலி’ படத்துக்குப் பிறகு இந்தப் பழக்கம் வெகு சுலபமாகிவிட்டது. சம்பளம் வந்தாலும் மகிழ்ச்சி, சாம்பார் வந்தாலும் மகிழ்ச்சி. அன்பரே, நீங்களும் அந்தப் புத்தக ஆசிரியரும் கூட்டாளிகள் என்பது உங்களுக்குத் தெரியுமா? அவர் ஆறு ஆங்கில வார்த்தையை ஒரு தமிழ் வார்த்தைக்குள் அடைக்கிறார். நீங்கள் அறுபது தமிழ் வார்த்தையை அதே வார்த்தைக்குள் அடைக்கிறீர்கள். பழைய பாடல்களில் ‘மகிழ்’ என்றால் கள். அதைக் குடித்து வருவது மகிழ்ச்சி. ‘களிப்பு’க்கும் கள்ளுக்கும் உள்ள சொந்தம் பார்த்த மாத்திரத்தில் தெரியும். ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு வயிறு, ஒரு குடும்பம், ஒரு வயசு இருந்தது. உவகை, களிப்பு, குதூகலம், கும்மாளம், சுகம், இதம், நிம்மதி, நிறைவு, பூரிப்பு, கொண்டாட்டம், வேடிக்கை, விளையாட்டு என்று எத்தனை! பெண்ணுக்கு வரன் அமைந்த தாய்க்கு வருவது நிம்மதி. அவள் பிள்ளை பெற்றுக்கொண்டு வந்து மடியில் போட்டால் வருவது பூரிப்பு. இரண்டையும் ‘மகிழ்ந்தாள்’ என்று நான் ஒரு நாவலில் எழுதினால், என்னை எழுத்தாளன் என்று சொல்ல வேண்டாம். அந்தத் தாயைப் பார்த்தவன் என்றுகூடச் சொல்ல வேண்டாம்.

மூன்றாவது ஆட்சேபம்தான் எனக்கு முக்கியம். ‘வயிற்றுப்பாட்டுக்கு உழைக்கிறவனுக்கு இந்தச் சொல் ஆராய்ச்சி எதற்கு? வேலை கிடைத்ததா, சம்பளம் வந்ததா, அது போதாதா?’ என்று கேட்கிற நல்லவர்கள் இருக்கிறார்கள். போதாது. ஏன் என்று ‘என்ஜாய்’ என்கிற வார்த்தையை வைத்தே சொல்லுகிறேன்.

நம் நாட்டுக் கிரயப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். நிலத்தை வாங்கியவர் அதைச் சர்வ சுதந்திர பாத்தியத்தோடு ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது என்று எழுதியிருக்கும். ஆங்கிலப் பத்திரத்தில் அந்த அனுபவத்துக்கு ‘என்ஜாய்மென்ட்’ என்றுதான் பெயர். ‘என்ஜாய்’ என்பது அங்கே கைதட்டிக் குதிப்பது அல்ல. தன்னுடையது என்கிற உரிமையோடு ஒன்றைக் கையாண்டு அதன் பலனைப் பெறுவது. கும்மிடிப்பூண்டி வட்டாரத்தில் தேர்வாய் கண்டிகை என்று ஓர் ஊர். தலைமுறையாக மாடு மேய்த்து வந்த மேய்க்கால் நிலம் சிப்காட்டுக்குப் போகக் கூடாது என்று, 2009-ஐ ஒட்டிய வருஷங்களில் அந்த ஊரார் போராடினார்கள். அது புறம்போக்கு, கையில் பத்திரம் கிடையாது. அனுபவம் மட்டும் உண்டு. நிலம் போயிற்று, தொழிற்பேட்டை வந்தது. தொழிற்பேட்டை வந்ததே பாவம் என்று நான் வாதாடவில்லை. தொழில் வேண்டும், சம்பளம் வேண்டும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். நிலத்தை ‘என்ஜாய்’ செய்த தாத்தாவின் பேரனைப் பார்த்து, வருஷத்துக்கு ஒரு தரம் ரிஸார்ட்டுக்குப் பஸ்ஸில் கூட்டிப் போய், பாட்டுப் போட்டு, கலர்ச் சட்டை கொடுத்து, ‘என்ஜாய்!’ என்கிறார்கள். தாத்தாவின் வார்த்தைக்கும் பேரனின் வார்த்தைக்கும் எழுத்து ஒன்றுதான். ஒன்றில் பாத்தியதை இருந்தது. மற்றதில் கேளிக்கை இருக்கிறது.

இப்போது பல கம்பெனிகளில் ‘ஃபன்’னுக்கென்றே தனியாக ஒரு கிழமை, அதற்கென்று ஒரு கமிட்டி! அரைமணி நேரம் நாற்காலியைச் சுற்றி ஓட வைத்து, பிறகு ஒரு தாளை நீட்டி, ‘இந்த இடத்தில் வேலை செய்வதில் நீங்கள் ஹாப்பியா?’ என்று கேட்கிறார்கள். காண்டிராக்ட் நீடிக்குமா என்று நிம்மதி இல்லாதவன், செய்கிற வேலையில் தன் கை தெரியவில்லையே என்று நிறைவு இல்லாதவன், நேற்று நாற்காலியைச் சுற்றி ஓடினதில் கொஞ்சம் சிரித்தது உண்மைதானே என்று ‘ஆம்’ என்று எழுதிக் கொடுத்துவிடுகிறான். அவன் பொய் சொல்லவில்லை. அவனுக்குக் கொடுக்கப்பட்டது ஒரே வார்த்தை. அதில் ‘ஆம்’தான் சொல்ல முடியும். ‘ஐயா, கேளிக்கை கொடுத்தீர்கள், சந்தோஷம், நான் கேட்டது நிம்மதி’ என்று சொல்ல இரண்டு வார்த்தை வேண்டும். இரண்டும் வேறு வேறு என்கிற தெளிவு வேண்டும். எது தனக்குக் கிடைத்தது, எது கிடைக்கவில்லை என்று பெயர் சொல்லிக் கேட்கத் தெரியாதவனுக்கு, கொடுக்கிறவன் எதை வேண்டுமானாலும் கொடுத்துக் கணக்கைத் தீர்த்துவிடலாம். ஆகவேதான் இந்தச் சொல் ஆராய்ச்சி உழைக்கிறவனுக்குத்தான் முதலில் வேண்டும் என்கிறேன். வசதி படைத்தவர்கள் எல்லாவற்றுக்கும் ‘சூப்பர்’ என்று சொல்லிக்கொண்டு சௌக்கியமாகக் காலம் தள்ளலாம். அவர்களுக்கு வர வேண்டியதெல்லாம் தானே வந்து சேரும்.

ஆங்கிலம் கற்றுக்கொடுக்கப் புத்தகம் போடுகிறவர்களே, உங்களிடம் நான் கேட்பது அதிகம் இல்லை. உங்கள் அடுத்த பதிப்பில் ‘மகிழ்ச்சியான’ என்கிற அச்சு எழுத்துகளைக் கொஞ்சம் ஓய்வெடுக்க விடுங்கள். ஃபன்னுக்கு விளையாட்டு, ஃபன்னிக்கு வேடிக்கை, ப்ளெஸன்டுக்கு இதம், என்டர்டெய்ன்மென்டுக்குக் கேளிக்கை என்று போடுங்கள். காகிதம் கூடுதலாகச் செலவாகாது. வாத்தியார்களே, தன்வினை பிறவினையை நடத்தும்போது பக்கத்து அறைக்காரரையும் கூப்பிட்டு உட்கார வையுங்கள். வேலை கொடுக்கிறவர்களே, எதிரில் இருக்கிற பிள்ளை தப்பான வார்த்தையைச் சொன்னால், சிரித்து முடித்த பிறகாவது, ‘என்ன சொல்ல நினைத்தாய்?’ என்று ஒரு கேள்வி கேளுங்கள். தமிழில் கேட்டாலும் குற்றமில்லை.

படிக்கிற பிள்ளைகளுக்கும் ஒரு சொல். உங்களுக்குள் ‘ஒரு மாதிரி இருக்கும்’போதெல்லாம் அதோடு விட்டுவிடாதீர்கள். எந்த மாதிரி என்று உங்கள் சொந்தப் பாஷையில் முதலில் கண்டுபிடியுங்கள். அது திருப்தியா, நிம்மதியா, பூரிப்பா, வெறும் கும்மாளமா? அதைக் கண்டுபிடித்துவிட்டால் ஆங்கில வார்த்தையை அகராதி கொடுக்கும். அதற்கு முன்னால் எந்த அகராதியாலும் உங்களுக்கு உதவி செய்ய முடியாது.